குரோசேய்ச் செடியை மிரட்டிய நாள்

போன சனிக்கிழமை, பிரான்ஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். பிள்ளைக்கு ஒரு வயது, கேக்குக்கு மூன்று மாடி. கேக்கின் உச்சியில் கண்ணாடிபோல மினுங்கும் சிவப்புப் பழக்குலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெட்டிப் பங்கிட்டபோது என் பக்கத்தில் இருந்த இளைஞன் தன் துண்டின் மேலிருந்த குலையை இரண்டு விரலால் தூக்கி, குழம்பிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துப் போடுவதுபோலத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அவனைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையும் வைத்தது. பிறகு அந்த மேசை முழுவதுமே வைத்தது.

"தம்பி, உதைச் சாப்பிடேல்லையோ?"

"அது டெக்கோர், அங்கிள். சாப்பிடுறேல்லை."

டெக்கோராம். அலங்காரமாம். என் கை சும்மா இருக்கவில்லை. தட்டுத் தட்டாகக் குலைகளைப் பொறுக்கி என் தட்டில் சேர்த்தேன். மேசைக்குக் கீழே என் மனைவி ரீற்றா தொடையில் நுள்ளினாள்.

"இஞ்சேருங்கோ, சனம் பாக்குது. நான் உங்களை வீட்டிலை பட்டினி போடுறனெண்டு நினைக்கப் போகினம்."

நுள்ளினாளே தவிர, ஒரு குலையை அவள் பக்கம் நீட்டியபோது வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அவளுடைய இடது கண் தானாக மூடியது. அந்தப் பழத்தின் புளிப்புக்கு எல்லாருக்கும் ஒரு கண் மூடும். எனக்கு வலது. கண்ணைத் திறந்தபோது நான் மண்டபத்தில் இல்லை. நகரத்துக்கு வெளியே பியர்ஃபித்தில், எங்கள் பழைய வீட்டுக்காரி மதாம் ஜெர்மேனின் வீட்டுப் பின்வளவில், ஈர மண்ணும் மீன் கழுவின தண்ணீரும் மணக்கும் இடத்தில் நின்றேன்.

இந்தப் பழத்துக்குப் பிரெஞ்சுக்காரர் குரோசேய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்திருக்காவிட்டால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: மிளகுக் குலையைச் செபமாலை மணியளவுக்குப் பெருப்பித்து, சிவப்புக் கண்ணாடியில் செய்து, உள்ளே விதை தெரியும்படி விளக்கு ஏற்றி வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். இடுப்பளவு உயரச் செடி. குளிரில்லாவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. எங்களுக்கு நேர்மாறு. நாங்கள் குளிரைக் கண்டால் ரேடியேட்டரைக் கட்டிப்பிடிப்போம், அது குளிரைக் கண்டால்தான் அடுத்த கோடைக்குப் பூக்க யோசிக்கும். ஆண்டவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுவாத்தியத்தைக் கொடுத்திருக்கிறார். எங்களுக்குக் கொடுத்ததை நாங்கள் விட்டுவிட்டு வந்துவிட்டோம், அவரைக் குறை சொல்லக் கூடாது.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. லா சப்பலில் அப்போது எங்கள் கடைகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். முருங்கைக்காய் வந்தால் அது செய்தி, ரயிலேறி வந்து பார்ப்பார்கள். பிலிப்-து-ஜிரார் தெருவில் ஐந்தாம் மாடியில் ஓர் அறையில் நாங்கள் பெடியன்கள் கூட்டமாக இருந்தோம். பாய் விரித்தால் கதவு திறக்காது. கதவைத் திறக்க வேண்டுமென்றால் வாசலோரம் படுத்திருந்த சூசை அண்ணை றாலைப்போலச் சுருள வேண்டும். காஸ் அடுப்புக்கு மேலே அந்தோனியார் படம். தாளிக்கிற புகையில் அவர் முகம் கறுத்து, எங்கள் ஊர்க்காரர் மாதிரியே ஆகிவிட்டிருந்தார்.

சூசை அண்ணை ஓர் இறைச்சிக் கடையில் கழுவித் துடைக்கிற வேலை செய்தார். அவருக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை. பல்வலியா, விசாவா, மெத்ரோவில் எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டு முன்னால் வரும் என்பதா, எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தார். பாதி பிழை. ஆனால் அவர் சொல்லுகிற விதத்தில் சரியானவற்றைவிட அந்தப் பிழைகள்தான் எங்களுக்குப் பிடித்திருந்தன.

ரீற்றா ஊரிலிருந்து வந்து சேர்ந்ததும் அந்த அறையில் இருக்க ஏலாமல் போய்விட்டது. நான் கோப்பை கழுவிய உணவகத்தில் காய்கறி வெட்டுகிற பெண் ஒருத்தி, தன் அயலில் ஒரு கிழவி பின்வளவு அறையை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னாள். அப்படித்தான் மதாம் ஜெர்மேனிடம் போய்ச் சேர்ந்தோம். அது அவருடைய இறந்துபோன கணவரின் பட்டறையாக இருந்த அறை. ஓட்டுக்கூரை, ஒரு யன்னல், ஒரு தண்ணீர்க்குழாய். எங்களுக்கு அது அரண்மனை. முதல் நாள் மரியாதையாக இருக்கட்டுமென்று ஒரு சட்டி செவ்வந்தி வாங்கிக்கொண்டு போய் நீட்டினோம். செவ்வந்தி மங்கலமான பூ அல்லவா. மதாம் பூவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "மெர்சி" என்று நன்றி சொன்னார், அப்படியே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கணவரின் கல்லறையில் வைத்துவிட்டு வந்தார். இந்த நாட்டில் செவ்வந்தி செத்தவர்களுக்கு மட்டுமென்பது எங்களுக்கு யாரும் சொல்லாத விசயம். இருந்தும் அவர் எங்களைத் துரத்தவில்லை. அன்றைக்கே எனக்கு அந்த மனுசியில் ஒரு பற்று விழுந்துவிட்டது.

அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு வளவு. அதன் மதிலோரமாகத்தான் குரோசேய்ச் செடிகள் நின்றன. நின்றன என்று சொல்வது மரியாதைக்கு. நாங்கள் குடிபோன கோடையில் அவை பல் துலக்கும் பிரஸ் மாதிரி நேராக ஓடிய புதுக் கொப்புகளும் இலையுமாக இருந்தன, ஒரு மணி பழம் இல்லை. கணவர் இருந்த காலத்தில் கூடை கூடையாகக் காய்த்ததாம். அவர் போனபிறகு ஒன்றுமில்லையாம். மதாம் இதைச் சொல்லும்போது வலது கை கூடை பிடிக்கும், இடது கை வெறுங்கையாக விரியும். அவர் பிரெஞ்சும் என் பிரெஞ்சும் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும் அந்தக் கைகளில்தான்.

செப்டெம்பரில் அவருடைய மகன் மார்செல் வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதுவும் சமதரையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர். தலைமயிரையும் அப்படித்தான் வெட்டியிருந்தார். வளவைச் சுற்றி நடந்து காலால் அளந்தார். "காய்க்காத தடிகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் அம்மா? பட்டறையை இடித்துவிட்டு இதில் கார் விட ஒரு கராஜ் போடுகிறேன்" என்றார். பட்டறை என்றால் எங்கள் வீடு. ரீற்றா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பெப்ரவரியில் பிள்ளை.

மதாம் செடிகளை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒரு விரலை நிமிர்த்தினார். இன்னும் ஒரு கோடை. வருகிற கோடையில் செடி காய்த்தால் கராஜ் பேச்சு இல்லை, காய்க்காவிட்டால் மகனின் விருப்பம். மார்செல் தலையாட்டினார். காய்க்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இவ்வளவையும் யன்னலுக்குள்ளால் பார்த்த ரீற்றா என்னிடம் திரும்பிச் சொன்னாள்: "கேட்டீங்களே? எங்கடை கூரை உந்தத் தடியிலைதான் தொங்குது. போய்ச் சூசை அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லா சப்பலுக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். அறையில் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சாணி போடு என்றான் ஒருவன். பியர்ஃபித்தில் சாணிக்கு நான் எங்கே போவேன்? வேரைச் சுற்றி உப்பு வை என்றான் இன்னொருவன். சூசை அண்ணை எல்லாரையும் கையமர்த்தினார்.

"உதெல்லாம் பிறகு. முதல்லை அதுக்குப் பயம் காட்டவேணும். பயமில்லாத மரம் காய்க்காது."

உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் ஊர்ப்பக்கம் காய்க்காத மாவுக்கும் பலாவுக்கும் இதைச் செய்வார்கள். ஒருவர் கத்தியை ஓங்கிக்கொண்டு போய், "இது காய்க்காத மரம், வெட்டப்போறன்" என்று சத்தம் போடவேண்டும். மற்றவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "பாவம், வெட்டாதை, வாற வருசம் காய்க்கும்" என்று மறிக்கவேண்டும். மரம் கேட்டுக்கொண்டிருக்கும். பயந்து காய்க்கும். வெட்டுகிறவர் உரத்துச் சொன்னால் போதாது, மறிக்கிறவர் மனத்திலிருந்து சொல்லவேண்டும் என்பது அதில் முக்கியம். காய்க்காத மரத்தைப் பற்றி ஆண்டவரும் ஒரு கதை சொல்லியிருக்கிறார். அதை இங்கே விரித்தால் பிரசங்கமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

"அண்ணை, ஒரு சந்தேகம்" என்றேன். "இது பிரெஞ்சுச் செடி. தமிழிலை வெருட்டினால் விளங்குமோ?"

யாரும் சிரிக்கவில்லை. அது அவ்வளவு பாரதூரமான கேள்வியாக இருந்தது.

"சரியாய்க் கேட்டாய் தம்பி" என்றார் சூசை அண்ணை. "பிறந்தது வளந்தது இஞ்சை. பிரெஞ்சிலைதான் சொல்லவேணும்."

வெட்டப்போகிறேன் என்பதற்கு 'ழ கூப்' என்று அவருக்குத் தெரியும், இறைச்சிக் கடையில் நாள் முழுக்கக் கேட்கிற சொல். எனக்குரிய வசனத்தை உணவகத்தில் அந்தக் காய்கறிப் பெண்ணிடம் கேட்டுப் பாடமாக்கினேன்: "நோன்! லானே புரோஷேன்!" வேண்டாம், அடுத்த வருசம். இவ்வளவுதான் வசனம். கோப்பை கழுவும்போது சொன்னேன், மெத்ரோவில் சொன்னேன், செபமாலைக்கு நடுவில்கூட ஒருதரம் வாய் தவறி வந்துவிட்டது.

நாள் குறித்தோம். நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாள். பிரான்ஸ் முழுக்க விடுமுறை. மார்செல் மத்தியானம் வந்து தாயைச் சுடலைக்குக் கூட்டிக்கொண்டு போவார், வீடு வெறுமையாக இருக்கும். யாருக்கும் தொந்தரவில்லாமல் செடியோடு தனியாகப் பேசலாம்.

சூசை அண்ணை இறைச்சிக் கடையிலிருந்து ஒரு வெட்டுக்கத்தியை முதலாளியிடம் கேட்டு இரவல் வாங்கி வந்தார். என் உள்ளங்கை இரண்டு அகலம் இருக்கும். "கறிக்கத்தியைக் கண்டு செடி பயப்பிடாது" என்பது அவர் வாதம். அதைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கார் து நோர் நிலையத்தில் ரயிலேற வந்திருக்கிறார். விசாவும் இன்னும் முழுதாகக் கிடைக்காத மனிதர். படிக்கட்டடியில் பொலிஸ் நின்று மறித்திருக்கிறது. பத்திரங்களைக் காட்டினார். பையில் என்ன என்று கேட்டார்கள். பையை விரித்துக் காட்டினார். மேலே கிடந்தது ரீற்றாவுக்கென்று கொண்டுவந்த கருவாடு. குனிந்து பார்த்த பொலிஸ்காரர் நிமிர்ந்த வேகத்தில் தொப்பி கழன்றதாம். "போ, போ" என்று கையால் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டார்கள்.

"அந்தோனியார் காப்பாத்தினார் அண்ணை" என்றேன்.

"அந்தோனியாரோ? கட்டாக் கருவாடு."

மதாம் கறுப்பு மேலங்கி போட்டு, தொப்பி வைத்து, மார்செல் வரப் பிந்துகிறதென்று தானே பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். நாங்கள் யன்னலால் பார்த்திருந்தோம். ரீற்றாவைப் படலையடியில் காவல் வைத்தோம். யாராவது வந்தால் இருமவேண்டும். கடமையை ஒழுங்காகத்தான் தொடங்கினாள். ஆனால் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. அடிப்பிடிக்கிற மணம் வந்ததும் காவலை விட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். இன்றைக்கும் அவள் சொல்வது, "நாலு பேர் சாப்பிடவேண்டிய குழம்பை விடவோ? உங்கடை நாடகம் பெரிசோ?"

எங்களுக்குத் தெரியாத இன்னொன்று, மதாம் சுடலைக்குக் கொண்டுபோகவேண்டிய செவ்வந்திச் சட்டியைக் குசினி யன்னலில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தது.

நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டு செடிக்கு முன்னால் நின்றோம். சூசை அண்ணை மேற்சட்டையைக் கழற்றி மதிலில் போட்டார், சறத்தை மடித்துக் கட்டினார். அந்தக் குளிரில் சறம்! கால்சட்டையோடு மிரட்டினால் எடுபடாதாம். கத்தியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"ழ கூப்!" என்று கர்ச்சித்தார். "ழ கூப் தூ!" எல்லாவற்றையும் வெட்டுகிறேன்!

மதிலிலிருந்த காகங்கள் எழும்பின. இப்போது என் முறை. வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. அவ்வளவு நாள் பாடமாக்கிய வசனம், ஒரு சொல்கூட இல்லை. கோயிலில் பங்குச்சுவாமி கைகாட்டும்போது வாசகத் தாள் பறந்துபோனவன் மாதிரி நின்றேன்.

சூசை அண்ணை கத்தியை இறக்காமல் பல்லுக்குள்ளால் சொன்னார்: "சொல்லன்ரா... கை உளையுது. மறிக்கிறியோ, உண்மையாய் வெட்டவோ?"

"மறந்துபோச்சண்ணை..."

"ஐயோ விசரா! தமிழிலையெண்டாலும் சொல்லித் துலை! ழ கூப்!"

அந்த மூன்றாவது 'ழ கூப்'போடு குசினிக் கதவு படாரென்று திறந்தது. மதாம் ஜெர்மேன். தொப்பி ஒரு பக்கம் சரிய, செவ்வந்திச் சட்டியை மார்போடு அணைத்தபடி, அந்த வயதுக்கு எப்படித்தான் ஓடினாரோ, ஈரப் புல்லில் ஓடிவந்து எங்களுக்கும் செடிக்கும் நடுவில் நின்றார்.

"நோன்! நோன்! நோன்!"

ஒரு கையில் பூச்சட்டி, மற்றக் கை செடியை மறைத்து விரிந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இன்னும் என்னென்னவோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது 'லானே புரோஷேன்' மட்டும். அடுத்த வருசம். அடுத்த வருசம் காய்க்கும், விடு. என்னுடைய வசனம்! நான் மறந்த அதே வசனத்தை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், மனத்தின் அடியிலிருந்து அந்த மனுசி சொல்லிக்கொண்டிருந்தார்.

சூசை அண்ணையின் கை மெல்ல இறங்கியது. என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்: "தம்பி... எங்கடை ஊரிலைகூட ஆரும் இப்பிடி மறிச்சதில்லை."

அந்த நேரம் பார்த்தா படலை திறக்கவேண்டும்? மார்செல். சறம் கட்டிய ஒருவன் வெட்டுக்கத்தியோடு, முன்னால் அழுகிற தாய். மனிதர் வெளுத்துப்போனார். நானும் வெளுத்தேன் என்று ரீற்றா பிறகு சொன்னாள், எங்கள் நிறத்துக்கு அது பெரிய காரியம். பொலிஸ் வந்தால் சூசை அண்ணையின் விசா போகும், எங்கள் அறை அன்றிரவே போகும். எல்லாம் போகும். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியை நேர்ந்தேன். நிலைமையைப் பார்த்து ஒரு பெட்டியாக உயர்த்தினேன்.

ஆனால் மதாமின் பார்வை சூசை அண்ணையை விட்டு மகனின் கைக்குப் போனது. மார்செலின் கையில் வேலி கத்தரிக்கிற பெரிய கத்தரிக்கோல்.

"அது எதற்கு?" என்று கேட்டார்.

"இதற்குத்தான் அம்மா" என்று மார்செல் செடிகளைக் காட்டினார். "ஒவ்வொரு வருசமும் போலத் துப்புரவாக்க."

நான் எங்கள் மிரட்டலைக் கையாலும் காலாலும் விளக்கினேன். பிறகுதான் மார்செலின் விசயம் வெளியில் வந்தது. தகப்பன் இறந்தபிறகு ஒவ்வொரு சகல புனிதர் திருநாளிலும் மதாம் சுடலையால் வந்து கதவைச் சாத்திப் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் மார்செல் தாய்க்கு உதவியாக இருக்கட்டுமென்று செடிகளை அடியோடு, சமதரையாக, தன் தலைமயிரைப்போல வெட்டிவிட்டுப் போய்விடுவார். மாரியில் வளவுக்கு இறங்காத மதாம், செடி குளிரில் பட்டுத் திரும்பத் துளிர்ப்பதாகவே நினைத்திருந்தார். சத்தம்போட்டு மிரட்டியவன் ஒரு கொப்பையும் வெட்டவில்லை. வெட்டியவன் ஒருநாளும் சத்தம் போடவில்லை.

மதாம் பூச்சட்டியை என் கையில் தந்தார். மகனிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கினார். சூசை அண்ணையிடம் கையை நீட்டினார். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி வெட்டுக்கத்தியைப் பிடிப்பக்கம் திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டு வந்து சொன்னார்: கோடைவரையில் ஓர் இரும்பும் இந்தச் செடிக்குக் கிட்ட வரக்கூடாது. இறைச்சிக் கடைக்காரருக்குக் கத்தியைத் திருப்பிக் கொடுக்கச் சூசை அண்ணை பட்ட பாடு தனிக்கதை.

அடிப்பிடித்த கருவாட்டுக் குழம்பு மணத்துக்குள் ரீற்றா வாசலில் வந்து நின்று, எல்லாம் முடிந்தபிறகு, கடமைக்காக ஒருதரம் இருமினாள்.

பிறகு மிரட்டலின் மிச்சச் சடங்குகளையும் ரீற்றா விடவில்லை. காய்க்காத மரத்தில் பழைய செருப்புக் கட்டவேண்டுமே. எங்களிடம் இருந்தது காலில் போட மட்டும்தான். பட்டறை மூலையில் கிடந்த ஒற்றை றப்பர்ச் சப்பாத்தை எடுத்துக் கொப்பில் தொங்கவிட்டாள். அது மதாமின் கணவருடையது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்தநாள் காலையில் பயந்து பயந்து போய்ப் பார்த்தேன். அதன் பக்கத்தில் மற்றச் சப்பாத்தும் தொங்கிக்கொண்டிருந்தது. மதாம் எங்கேயோ தேடி எடுத்துக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாரி முழுக்க ரீற்றா அரிசி கழுவின தண்ணீரையும் மீன் கழுவின தண்ணீரையும் செடிக்கே ஊற்றினாள். அந்த மணத்துக்கு அயலிலுள்ள பூனையெல்லாம் மதிலில் வந்து குந்தின. மதாம் தன் பங்குக்கு அடுப்புச் சாம்பலைத் தூவி, உதிர்ந்த இலைகளைக் கூட்டி வேருக்குப் போர்த்தினார். இதன் வேர் ஆழத்துக்குப் போகாது, மேலாகவே ஓடும், போர்வை வேண்டும். சூசை அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்ன, உத்தேசம் என்ன?" என்று செடியை விசாரித்துவிட்டுப் போவார்.

பெப்ரவரியில் மகள் பிறந்தாள். ஏப்ரலில் செடி பூத்தது. பூத்தது என்று மதாம்தான் சொன்னார். எனக்கு அது பூவாகவே தெரியவில்லை. இலை நிறத்திலேயே, வெட்கப்பட்டுக்கொண்டு, சின்னச் சின்னச் சரமாக. "உதுவோ பூ?" என்று ரீற்றா உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் உறைபனி வரும் என்று ரேடியோ சொன்ன அன்றைக்கு, தன்னுடைய நூல்சேலைகளைக் கொண்டுபோய்ச் செடிக்குப் போர்த்தியது அவள்தான். விடிய எழும்பிப் பார்த்தால், கல்யாணப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பதுபோல மதிலோரம் முழுக்கச் சேலை. அயல்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எங்களுக்கு வணக்கம் சொல்ல மறந்ததில்லை, பயத்திலோ மரியாதையிலோ.

மே மாதம் பச்சை மணி. ஜூனில் ஒருநாள் பின்னேரம் ஒரேயொரு மணியின் கன்னம் மட்டும் சிவந்தது. அடுத்தது, அடுத்தது. கருங்குருவிகள் வந்தன. இந்த நாட்டில் பழத்துக்கு முதல் எதிரி அதுதான், மனிதருக்கு முன்னால் விருந்துக்கு வந்துவிடும். ஆனால் மதிலில் மீன்தண்ணீர்ப் பூனைகள் வரிசையாக இருந்தன. குருவிகள் கூரையிலிருந்து ஏசிவிட்டுப் பறந்தன. அதே மாதம் அருளப்பர் திருநாள் அன்று மதாம் மகனைச் சாப்பாட்டுக்கு அழைத்தார், எங்களையும்தான். கூடை கூடையாக இல்லை. ஒரு கிண்ணம். மேசை நடுவில் விளக்குப்போல அந்த ஒரு கிண்ணம்.

மார்செல் ஒரு குலையை எடுத்து வாயில் வைத்துப் பல்லால் உருவினார். ஒரு கண் மூடியது.

"அப்பாவுடையது" என்றார்.

கராஜைப் பற்றி அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் பேசவில்லை. ரீற்றா மிச்சத்தில் ஒரு பிடி எடுத்து மிளகாய்த்தூளும் உப்பும் கடுகும் போட்டு ஓர் அச்சாறு பண்ணிக்கொண்டு வந்து வைத்தாள். மதாம் தொட்டு நக்கிவிட்டு இரண்டு கண்ணையும் மூடினார். மார்செல்தான் கோப்பையைத் துடைத்துச் சாப்பிட்டார். மூக்கால் தண்ணீர் ஓட ஓட.

காய்த்ததற்கு உரிமை கோரியவர்கள் பலர். கத்தியென்றார் சூசை அண்ணை. சப்பாத்தென்றாள் ரீற்றா. சாம்பலென்றார் மதாம். நான் ஒரு பெட்டி மெழுகுதிரி கொளுத்தியவன், எனக்குச் சந்தேகமே இல்லை. சில வருசத்துக்குப் பிறகு, நாங்கள் குடியேறிய வில்லியே லே பெல்லில் எங்கள் பல்கனியில் மதாம் தந்த ஒரு கொப்பை நட்டு வளர்த்தபோதுதான் செடி தன் இரகசியத்தைச் சொன்னது. அது அந்தந்த வருசம் விடுகிற புதுக் கொப்பில் காய்க்காது. போன வருசக் கொப்பின் அடியிலும் அதற்கு முந்திய கொப்பிலும்தான் காய்க்கும். மூன்று நாலு வருசக் கிழக்கொப்பை மட்டும் கழித்து, நடுவைக் காற்றுப்போகத் திறந்துவிட்டால் போதும். மார்செல் வருசாவருசம் அடியோடு வெட்டியதால் அதற்குப் போன வருசம் என்று ஒன்றே இல்லாமல் இருந்திருக்கிறது. இருந்தாலும் மெழுகுதிரியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அன்றைக்கு மதாமைச் சட்டியை மறக்கவைத்தது யார்?

மதாம் ஜெர்மேன் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருசம் போய்விட்டார். அவருடைய கல்லறைக்கு எவ்விதத் தயக்கமும் இல்லாமல் செவ்வந்தி கொண்டுபோனோம். சூசை அண்ணை கனடாவுக்குப் போய், அங்கே பனிக்குள் ஒரு வளவு வாங்கி, அங்குள்ள ஆப்பிள் மரங்களை மிரட்டிக்கொண்டிருந்து காலமானார். எந்த மொழியில் மிரட்டினாரோ தெரியாது. பல்கனிச் செடி ஒரு பெரிய வெயிலில், நாங்கள் ஊருக்குப் போய் வருவதற்குள், காய்ந்துவிட்டது. இப்போதைய கோடைகள் அதற்கு ஒத்துவருவதில்லை. மகளுக்கு அந்தப் பழம் பிடிக்காது. "டுறோ அசீட்" என்பாள். புளிப்புக் கூடவாம்.

மார்செலுக்கும் வயதாகிவிட்டது, வீட்டை விற்றார். வாங்கியவர்கள் மாடிக் கட்டிடம் கட்டப் போகிறார்கள் என்று அவரே தொலைபேசியில் சொன்னார். இடிக்கிற அன்று ரயிலேறிப் போனேன். தகர வேலிக்கு வெளியே, இடைவெளியால் பார்த்துக்கொண்டு நின்றேன். மதிலோரம் செடிகள் நின்றன. ஜூன் மாதம். சிவப்பாக இருந்தன. மஞ்சள் இயந்திரம் கையைத் தலைக்கு மேலே தூக்கியது. அது ஒன்றும் சத்தம்போட்டுச் சொல்லவில்லை.

இந்தமுறை வசனம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என் பிரெஞ்சும் இப்போது மோசமில்லை. 'நோன். லானே புரோஷேன்.' வாய்க்குள் இருமுறை சொல்லிப் பார்த்தேன். உச்சரிப்புக்கூடச் சரியாக வந்தது. பூச்சட்டியோடு ஓடிவர அந்தக் குசினிக் கதவுதான் இல்லை.